மூன்றாவது கைதட்டல்

தங்கவயல் ஊரிகத்தில் ஒருவன் திடுக்கிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் அவன் முகத்தைப் பார்க்க மாட்டான், தரையைத்தான் பார்ப்பான். வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் எங்கோ பாதாளத்தில் பாறை வெடித்துச் சிதறும். மேலே சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அலமாரித் தட்டுகள் உருண்டு விழும். அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். விழுந்தது தட்டோடு போயிற்றா, உள்ளே இறங்கிய ஆளும் சேர்த்தியா என்று தெரியும்வரை பெண்கள் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழி வாசலில் போய் நிற்பார்கள். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. குழியெல்லாம் இப்போது தண்ணீர். அந்தப் பயம் மட்டும் இன்னும் ரிடையர் ஆகவில்லை.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃப்ரெடி டீ டம்ளரைக் கீழே போட்டுவிட்டு "ஏர் பிளாஸ்ட்" என்று கத்தியதும் லைன் முழுக்க வெளியே ஓடி வந்தது. எதிர்வீட்டு வால்டர், பென்ஷன்காரர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். பக்கத்து வீட்டுக் கங்கம்மா முதலில் தன் ஜெர்சிப் பசுவை அவிழ்த்து வெளியே ஓட்டினாள், அப்புறம்தான் புருஷனைக் கூப்பிட்டாள். அந்த வரிசையை வைத்து அந்த மனுஷனை ஒரு வாரம் கேலி செய்தார்கள்.

ஃப்ரெடியின் மனைவி ஆனி அடுப்படியில் இருந்தாள். அடுப்பில் பால் இருந்தது. அதில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. வெளியே வந்து அதைச் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"டாக்டரம்மா, உனக்கு மாட்ட பத்தி தெரியும், பூமிய பத்தி இன்னா தெரியும்?" என்றார் வால்டர். "இவன் நைனா எங்கூட ஒரே ஷிஃப்ட்ல வேல செஞ்சவரு. பாறை முனகறது எங்களுக்கு கேக்கறதுக்கு முன்ன அவருக்கு கேக்கும். புள்ளைக்கும் அது வந்துகீது. ரத்தம்மா அது."

அன்றிலிருந்து ஃப்ரெடி அந்த லைனுக்கு ஒரு கருவி மாதிரி ஆகிப்போனான். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், "இன்னா தம்பி, எதனா தெரிதா?" என்று கேட்க ஆள் வந்துவிடும். அவனும் சிரித்துக்கொண்டே, "சின்னதா ஒண்ணு," என்பான். குக்கர் விசில் அடித்தால் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. ரயில் ஹார்னுக்குத் தூக்கிப்போட்டது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது, இத்தனைக்கும் தட்டில் சோறு மிச்சம் வைக்கிறவன் இல்லை. பெங்களூரில் ஒரு மோட்டார் பாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. காலையில் இருட்டோடு ரயில் பிடித்து, இருட்டிய பிறகு வந்து இறங்குகிறவனுக்கு இளைப்பது, மறப்பது, கால் தடுக்குவது எல்லாம் சம்பளத்தோடு வருகிற சமாச்சாரம். தங்கவயலில் பாதி வீட்டில் அப்படி ஒருவன் உண்டு. ஆனியும் அப்படித்தான் நினைத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவளே தன்னைப் போதுமான அளவு குறை சொல்லிக்கொண்டாள்.

ஆனி சர்க்கார் கால்நடை டாக்டர். ஒரு சர்ச் பாடகர் குழுவில் இவள் பாட, பின்வரிசையில் ஃப்ரெடி சுருதி தப்பிப் பாட, அப்படித் தொடங்கிய கல்யாணம். நாலு பேர் முன்னால் "இன்னாங்க" என்பாள். வீட்டுக்குள் வந்தால் "ஃப்ரெடி"தான், "நீ"தான். குழந்தை இல்லை. அதைப் பற்றி அழுது முடித்து ரொம்ப நாளாகியிருந்தது. இருவருக்கும் இருந்தது ஒருவருக்கொருவர் மட்டும். அது போதும் என்று ஒரு தீர்மானத்துக்கும் வந்திருந்தார்கள்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஆனிக்கு ஒரு வேலை வந்தது. சுற்று வட்டாரத்துக் கால்நடை ஆய்வாளர்களைக் கூட்டி வைத்து, மேட் கவ் என்கிறார்களே அந்த மாட்டு மூளை நோய், அதன் அறிகுறிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பு எடுக்க வேண்டும். இங்கே அந்த நோயை யாரும் பார்த்ததில்லை. பார்க்காத நோயைத்தான் முதலில் படிக்க வேண்டும், வந்து நின்றால் வெறிநாய்க்கடி என்று நினைத்துக் குழியில் தள்ளி மூடிவிடுவோம் என்பாள் ஆனி. படங்களை அடுக்குவது, வெளிநாட்டு வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து வெட்டி ஒட்டுவது எல்லாம் ஃப்ரெடியின் பொறுப்பு. டம்ளர் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பிருந்தே இரண்டு பேரும் லாப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

வகுப்பு ஜனவரியில், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழைத்தார் இன்னும் தூணில் தொங்கியது. ஃப்ரெடி லீவு போட்டுவிட்டு வந்து மேடையோரம் லாப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான். ஆனி கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள். நன்றாகப் பேசுவாள்.

"இது கிருமி இல்ல, பூச்சி இல்ல. மூளையில இருக்கற ஒரு புரதம் தப்பா மடிஞ்சிக்குது. பக்கத்துல இருக்கறதையும் அதே மாதிரி மடிய வைக்குது. காய்ச்சல் வராது. மாடு நல்லா தீனி துன்னும், ஆனா இளைச்சிகினே போவும். பால் கொறையும். வெறிநாய்க்கடின்னா பத்து நாள்ல கத முடிஞ்சிடும். கன்னு போட்ட மாடு படுத்துகிச்சின்னா கால்சியம் ஏத்துனா எழுந்துடும். இது ரெண்டும் இல்ல. வாரக்கணக்கா, மாசக்கணக்கா போவும்."

திரையில் ஒரு வெள்ளைக் கறுப்புப் பசு வந்தது. தொழுவத்தின் கேட்டு திறந்தே இருந்தது. வெளியே வரலாம், ஆனால் வரவில்லை. மூக்கை நக்கியது. தரையில் ஒரு கோடு மாதிரி ஓடிய சின்னக் கால்வாயை உற்றுப் பார்த்தது. பிறகு அங்கே பெரிய பள்ளம் இருப்பது போலக் காலை உயரத் தூக்கி வைத்தது. பின்னங்கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல ஆடின.

"வாசல், கேட்டு, கால்வாய், இந்த மாதிரி எடத்துல தயங்கும். தள்ளாதீங்க. தள்ளுனா விழுந்துடும்," என்றாள் ஆனி. "முதல்ல தூர நின்னு பாருங்க, அது வழக்கமா இருக்கற எடத்துலயே. அப்புறம் சத்தம், வெளிச்சம், தொடறது. எல்லா மாடும் சத்தத்துக்கு மிரளும். அத வச்சி முடிவு பண்ணாதீங்க. கைய தட்டுங்க. நல்ல மாடு மொத தட்டுக்கு மிரளும். ரெண்டாவதுக்கு காத ஆட்டும். மூணாவதுக்கு, போடி வேலையத்தவளேன்னு அசை போட ஆரம்பிச்சிடும். நோய் வந்த மாட்டுக்கு அந்தப் பழக்கம் வராது. ஒவ்வொரு தட்டும் அதுக்கு மொத தட்டுதான்."

சொல்லிவிட்டு, காட்டுவதற்காகக் கைகளை ஓங்கித் தட்டினாள்.

மேடையோரம் ஃப்ரெடி நாற்காலியோடு துள்ளினான். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த கோவிந்தன் என்கிற ஆய்வாளர், "மேடம், மொதல்ல சாருக்கு ஊசி போடுங்க," என்றார். ஆனியும் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டாவது தடவை தட்டினாள். ஃப்ரெடியின் கை தூக்கிப்போட்டு மவுஸ் கீழே விழுந்தது. மறுபடி சிரிப்பு. ஃப்ரெடிகூட அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

மூன்றாவது தட்டை அவள் தட்டியிருக்க வேண்டியதில்லை. பேச்சின் வேகத்தில் கை தானாகத் தட்டிவிட்டது. இந்த முறை அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கை சேரப் போவது தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியிருந்தும் அவன் தோள் இரண்டும் எகிறின, முதல் தட்டுக்கு எகிறிய அதே அளவுக்கு. மண்டபம் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனி மட்டும் சேர்ந்த கைகளைப் பிரிக்காமல் நின்றாள்.

மீதி வகுப்பை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. லாப்டாப் பக்கம் திரும்பாமலே பேசி முடித்தாள். எல்லாரும் போன பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மண்டப வாசலில் தரை சமம்தான், நடுவில் சிவப்பு டைல்ஸ் ஒரு பட்டையாகப் பதித்திருந்தது, அவ்வளவுதான். ஃப்ரெடி அதற்கு முன்னால் நின்றான். பிறகு காலை உயரத் தூக்கி அதைத் தாண்டினான். ஆனி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் வீடுவரை அதை விடவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. லட்சத்தில் ஒருத்தருக்குக்கூட வராத நோய், இந்த வீட்டு விலாசம் அதற்கு எப்படித் தெரியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சத்துக்குறைவு என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். ஆனால் வகுப்பில் சொன்னதைத்தான் வீட்டிலும் செய்தாள். தூர நின்று பார்த்தாள், அவன் வழக்கமாக இருக்கிற இடத்தில். அவன் சட்டை பட்டன் போடுவதை, டம்ளரை வைக்க மேசையைத் தேடுவதை, மறுபக்கத்து வீட்டுச் சிறுமி ஸ்வீட்டியின் பெயர் வராமல் "அந்தப் பொண்ணு" என்று சமாளிப்பதைப் பார்த்தாள். கட்டிய புருஷனைத் தொழுவத்து மாட்டைப் பார்ப்பது போலப் பார்க்கிற கேவலம் தனக்கு வந்ததே என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். கை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை. அதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

கடைசியில் பெங்களூருக்குக் கூட்டிப்போனாள். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், முதுகில் நீர் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவை உருட்டினார். அவர் கஷ்டப்படுவதைப் பார்த்து ஆனியே கேட்டாள், மூளைப் படத்தில் எந்தப் பகுதி வெள்ளையாகத் தெரிகிறது, இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று.

"நீங்க டாக்டரா?"

"மாட்டு டாக்டர்," என்றாள்.

அதற்குமேல் அவர் சுற்றி வளைக்கவில்லை. அந்த மாட்டு நோயைப் போலவே மனிதருக்கு வருகிற நோய், இரண்டு ஜெர்மன் டாக்டர்களின் பெயரை ஒட்டவைத்த அதன் நீளமான பெயரைச் சொன்னார். சாப்பாட்டில் வந்ததில்லை, மாட்டிடமிருந்து தொற்றியதும் இல்லை, காரணமே இல்லாமல் தானாக வருவது என்றார். மருந்து என்று அவர் எதையும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் ஃப்ரெடி இரண்டு கைகளாலும் டீக் கப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இருக்க அத்தனை கவனமாக.

ஊர் வாய் சும்மா இருக்குமா. டாக்டரம்மா மாட்டு வியாதியைப் புருஷனுக்கு ஒட்டவைத்துவிட்டாள் என்று ஒரு பேச்சு ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவரை போய்த் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறிதான் காரணம் என்றார்கள் சிலர், அதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த ஞாயிறும் வாங்கித் தின்றார்கள். நேரில் வந்து கேட்டவள் கங்கம்மா ஒருத்திதான். பால் சொம்போடு வந்தாள், ஊற்றாமல் நின்றாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. தம்பி டெய்லி என் மாட்டு பாலத்தான் குடிக்குது. அதுல எதனா..."

"இல்லக்கா. பால்ல வராது. உங்க மாட்டுக்கு ஒண்ணும் இல்ல. இவருக்கு யாரும் குடுக்கல, தானா வந்துது."

கங்கம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல எனக்கு. இப்ப நீ சொன்னதும் மனசு லேசா ஆவுது பாரு. உன் வீட்டுல இப்டி கீது, எனக்கு லேசா ஆவுது. நான் இன்னா ஜென்மம்."

ஆனிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. உலகத்தில் ஒருத்திக்காவது தான் சொன்ன பதில் நல்ல செய்தியாக இருந்ததே என்று இருந்தது. சொம்பை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

லைன் அன்றிலிருந்து சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, அதுவாக நடந்தது. டிவிகள் முணுமுணுத்தன. கங்கம்மா பசுவின் கழுத்து மணிக்குள் துணியைத் திணித்தாள். வால்டர் கைத்தடியின் நுனியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டார். ரத்தம் என்று சொன்ன மனுஷன் இப்போது ஆனியைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பேச்சு இருக்கும்போதே ஃப்ரெடி அவளிடம் பேசிவிட்டான். ஒரு மத்தியானம், கட்டிலில் சாய்ந்திருந்தான். அன்று அவனுக்கு வார்த்தைகள் ஓரளவு கைக்கு எட்டின.

"அன்னிக்கி டம்ளர் போட்டேனே. ஏர் பிளாஸ்ட் இல்ல அது."

"தெரியும்."

"கங்காக்கா அவங்க வீட்ல சொம்ப கீழ வச்சாங்க. அந்த சத்தம்தான். லைனையே ஓட விட்டுட்டேன். பாவம்."

ஆனி அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அந்த மாடு வீடியோ பாத்தப்பவே எனக்கு தெரிஞ்சிது ஆனி. கேட்டாண்ட நிக்கிதே, அத நான் எத்தினி வாட்டி வெட்டி ஒட்டனேன். ரயில் கதவாண்ட நானும் அப்டிதான் நிக்கறேன். பின்னாடி கீறவன் தள்ளுவான், உள்ள பூந்துடுவேன். அதான் யாருக்கும் தெரில."

"இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்லல?"

"நீ வகுப்பு எடுக்கணும் இல்ல. எடுத்து முடிக்கட்டும்னு பாத்தேன்." அப்புறம், "பயம்," என்றான். "நீ சொல்லிட்டா உண்மை ஆயிடும்."

தாலுகா மாட்டையெல்லாம் பார்க்கிறவள் வீட்டிலிருந்தவனைப் பார்க்கவில்லையே என்று அத்தனை நாளும் தன்னைத்தானே அறைந்துகொண்டிருந்தவள் ஆனி. அவன் காட்டாமல் மறைத்திருக்கிறான் என்று கேட்டபோது அந்த வலி குறையவில்லை, இன்னும் கூடியது. அவன் தனியாக அல்லவா இதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி இறங்கியிருக்கிறான்.

"மாட்டுக்காரங்ககிட்ட நீ பொய் சொல்ல மாட்ட," என்றான் ஃப்ரெடி. "நான் மாடா இருந்தா, சொந்தக்காரங்ககிட்ட இன்னா சொல்லுவ?"

"ஃப்ரெடி, வேணாம்."

"சொல்லு."

அவள் சொன்னாள். பொழைக்காது. இன்னும் கொஞ்ச மாசம். நடை போய்விடும், அப்புறம் பேச்சு, அப்புறம் விழுங்குவது. கடைசியில் யாரையும் தெரியாது. ஒவ்வொன்றையும் அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான், வகுப்பில் உட்கார்ந்திருந்தது போலவே.

"மாட்ட வச்சிக்கலாமான்னு கேட்டா?"

ஒரு மாட்டுக்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பது இருவருக்கும் தெரியும். வகுப்புக் குறிப்பில் அந்தப் பக்கத்தை அவன்தான் டைப் அடித்திருந்தான். ஆனி அவன் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு, "என் மாடு, நான் வச்சிப்பேன், எவன் கேக்கறது," என்றாள். ஃப்ரெடி சிரித்தான். சிரிப்பில் உடம்பு தூக்கிப்போட்டது, அவள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள்.

வேலைக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்தாள். மழைக்காலம் வருவதற்குள் அவள் சொன்ன வரிசையிலேயே எல்லாம் போயிற்று, ஒன்றும் தப்பவில்லை. தன் படிப்பு ஒரு தடவையாவது பொய்யாகட்டும் என்று அவள் ஜெபம் செய்தாள். ஆகவில்லை. இரண்டு பக்கமும் பிடித்தால் நாலடி நடப்பான். வாய்க்கு வருகிற சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவள் பெயரும் போய்விட்டது.

ஒருநாள் காலையில் நல்ல வெயில் வந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைக்கலாம் என்று அவனைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். நிலைப்படிக்கு முன்னால் அவன் நின்றுவிட்டான். ஆனி தள்ளவில்லை. கங்கம்மா ஓடிவந்து பின்னால் இடுப்பைத் தாங்கிக்கொள்ள, ஆனி மட்டும் வெளியே இறங்கி அவனுக்கு எதிரே நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "ஆழம்," என்றான்.

"ஆழம் இல்ல ஃப்ரெடி. தரதான். பாரு, நான் நிக்கறேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. உதடு வேலை செய்தது. வார்த்தை எங்கிருந்தோ மெல்ல ஏறி வந்தது. "கேஜ் வரல."

கங்கம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். ஷாஃப்டுக்குள் ஆளை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு அது. ஃப்ரெடி வாழ்நாளில் ஒருதடவைகூட அதில் கால் வைத்தவன் இல்லை. இப்போது நின்றான், ஷிஃப்ட்டுக்கு வந்தவன் நிற்கிற மாதிரி, பொறுமையாக, விளிம்பைவிட்டு ஓரடி தள்ளி. அதெல்லாம் ஒன்றுமில்லை, இது நம் வீட்டு வாசல் என்று சொல்ல ஆனிக்கு வாய் வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"வந்துடிச்சி ஃப்ரெடி," என்றாள். "கேஜ் வந்துடிச்சி. வா."

முதல் தடவையாக அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். யாரோ ஒரு பெண், ஆனால் நம்பலாம் என்பது போலப் பார்த்தான்.

"மேலயா, கீழயா?"

எந்த மாட்டுக்காரனிடமும் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை.

"மேல," என்றாள்.

அவன் காலை உயரத் தூக்கி, அவள் நின்ற பக்கம் வைத்தான்.